பீரைக் குளிர வைக்க வந்தவர்... ஆக்சிஜன் சிலிண்டருக்கு வழி செய்தவர்! யார் இந்த கார்ல் வான் லிண்டே?

கறுப்பு நிற உடம்பு, தோள்பட்டையில் மட்டும் வெள்ளை. மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆக்சிஜன் சிலிண்டரை 2021 கொரோனா இரண்டாம் அலைக்குப் பிறகு அடையாளம் தெரியாதவர்களே இல்லை எனலாம். அந்தச் சில வாரங்களில் ஒரு சிலிண்டருக்காக ஊர் ஊராக அலைந்த குடும்பங்கள் எத்தனையோ.

அதே 2021, ஏப்ரல் 24. இராக் தலைநகர் பாக்தாத்தில் இப்னு அல் கதீப் மருத்துவமனையின் கொரோனா வார்டில் ஆக்சிஜன் சிலிண்டர்கள் வெடித்து தீ பரவியது. 82 பேர் உயிரிழந்தார்கள். மூச்சு கொடுக்க வைத்திருந்த பொருளே உயிரை எடுத்துவிட்டது.

ஒரே வாயு, ஒரே வாரம். ஓரிடத்தில் அது இல்லாமல் மரணம், இன்னோரிடத்தில் அதனாலேயே மரணம். இது எப்படி? இந்தக் கேள்விக்கான விடையை, சுமார் 125 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு ஜெர்மன் பொறியாளர் தன் கையாலேயே கண்டுவிட்டார். அவர்தான் கார்ல் வான் லிண்டே. காற்றிலிருந்து ஆக்சிஜனைத் தொழிற்சாலை அளவில் பிரித்தெடுக்கக் கற்றுக்கொடுத்தவர். இன்று சிலிண்டர் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைகள் பலவும் அவர் வாழ்க்கையை ஒட்டியே வருகின்றன. வாங்க, விரிவாகப் பார்க்கலாம்.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

1842-ம் ஆண்டு ஜூன் 11-ம் தேதி, ஜெர்மனியின் பவேரியா பகுதியில் பெர்ன்டார்ஃப் என்ற சின்ன ஊரில் பிறந்தார் கார்ல் லிண்டே. அப்பா லூத்தரன் திருச்சபைப் பாதிரியார். மகனும் அதே வழியில் போவான் என்பதுதான் வீட்டில் எல்லோருடைய எதிர்பார்ப்பும். ஆனால் பையனுக்கு மனசு முழுக்க இயந்திரம்தான்.

1861-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். வெப்பத்தைப் பற்றிய அறிவியலில் உலகப் புகழ்பெற்ற ருடால்ஃப் கிளாசியஸ் அங்கே ஆசிரியர். வெப்பம் தானாக எந்தப் பக்கம் போகும், அதை எதிர்ப்பக்கம் தள்ள எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்ற பாடங்களை அவரிடமிருந்து நேராகவே படித்தார் லிண்டே. பின்னாளில் அவருக்குச் சோறு போட்டது அந்தப் பாடம்தான்.

ஆனால் படிப்பு முடியவில்லை. 1864-ல் மாணவர் போராட்டம் ஒன்றில் கலந்துகொண்டதற்காகக் கல்லூரியை விட்டு வெளியேற்றப்பட்டார். கையில் டிகிரி இல்லை. ஆசிரியர் ஃபிரான்ஸ் ரூலோ உதவி செய்ய, கெம்ப்டன் ஊரில் ஒரு பஞ்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பிறகு பெர்லினில் போர்ஸிக் தொழிற்சாலை, அடுத்து மியூனிக்கில் கிராஸ் ரயில் இன்ஜின் தொழிற்சாலை என்று போனது அவர் பயணம்.

டிகிரி இல்லாமலேயே பேராசிரியர்

1868-ல் மியூனிக்கில் புதிதாகத் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கினார்கள். 26 வயது லிண்டேவுக்கு அங்கே ஆசிரியர் வேலை கிடைத்தது. 1872-ல், 30 வயதில், முழுப் பேராசிரியர். கல்லூரியிலிருந்து துரத்தப்பட்ட பையன் எட்டே வருஷத்தில் பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவரிடம் படித்த மாணவர்களில் ஒருவர் ருடால்ஃப் டீசல். ஆமாம், டீசல் இன்ஜினைக் கண்டுபிடித்த அதே டீசல்தான். படிப்பு முடிந்ததும் கொஞ்ச காலம் லிண்டேவின் நிறுவனத்துக்காகப் பாரிஸில் வேலையும் பார்த்தார்.

பீர் ஆலைக்காரர்களின் தலைவலி

ஆக்சிஜன் கதைக்குள் பீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். பவேரியாவின் லாகர் வகை பீர் குளிரில்தான் ஒழுங்காகப் புளிக்கும். வெயில் காலம் வந்தால் கெட்டுப்போகும். குளிர்காலத்தில் ஏரிகளில் உறையும் பனிக்கட்டியை அறுத்து வந்து நிலவறையில் அடுக்கி வைப்பார்கள். ஒரு வருஷம் குளிர் குறைந்தால் ஐஸும் இல்லை, பீரும் இல்லை.

குளிரை இயந்திரத்தால் உண்டாக்க முடியுமா என்று 1870-களின் தொடக்கத்தில் லிண்டே கட்டுரைகள் எழுதினார். அதைப் படித்த பீர் ஆலை முதலாளிகள் அவரைத் தேடி வந்தார்கள். மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையை நடத்திய சேடல்மாயர் குடும்பம் அதில் முக்கியமானது. முதலில் செய்த இயந்திரத்தில் மெத்தில் ஈதர் என்ற வாயுவைப் பயன்படுத்தினார். எளிதில் தீப்பிடிக்கும் ஆபத்தான வாயு அது. அடுத்து அம்மோனியாவுக்கு மாறினார். இன்றைக்கும் பெரிய ஐஸ் ஃபேக்டரிகளில் ஓடுவது அம்மோனியாதான்.

இந்த இயந்திரங்களில் அவரை அதிகம் படுத்தி எடுத்தது குளிர் இல்லை, கசிவு. அழுத்தத்தில் இருக்கும் வாயுவை, அசையும் பாகங்களின் ஓரமாகத் தப்பிவிடாமல் அடைத்து வைப்பது பெரும்பாடாக இருந்தது. அழுத்தத்தில் அடைபட்ட வாயு ஒரு சின்ன இடைவெளி கிடைத்தாலும் விடாது. சிலிண்டரைப் பொறுத்தவரை முதல் பாடமும் இதுதான்: நம்ப வேண்டியது இரும்பை மட்டுமில்லை, வால்வையும் வாஷரையும் சேர்த்துத்தான்.

1879-ல் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு, வீஸ்பாடன் நகரில் ஐஸ் இயந்திர நிறுவனம் தொடங்கினார். மாசச் சம்பளத்தை உதறிவிட்டுத் தொழில் தொடங்குவதற்கு அப்போதும் துணிச்சல் தேவைப்பட்டது. நிறுவனம் வளர்ந்தது. பீர் ஆலை, ஐஸ் ஆலை, இறைச்சிக் கிடங்கு என்று இயந்திரங்கள் போய்ச் சேர்ந்தன. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, அன்றாட நிர்வாகத்திலிருந்து விலகி மியூனிக்குக்கே ஆராய்ச்சிக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. உலகத்துக்கு அவர் செய்த பெரிய வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம்!

காற்றைத் திரவமாக்கிய நாள்

1895 மே மாதம். மியூனிக்கில் லிண்டேவின் ஆய்வுக்கூடத்தில் இயந்திரம் மணிக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் குழாயின் அடியில் வெளிர்நீலத் திரவம் சொட்டியது. அது தண்ணீர் இல்லை. நாம் சுவாசிக்கும் அதே காற்று, திரவ வடிவத்தில்.

இதை எப்படிச் செய்தார்? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைக் கவனித்திருப்பீர்கள். வாயுவை அழுத்தினால் சூடாகும். அந்தச் சூட்டை வெளியேற்றிவிட்டு, அழுத்திய காற்றைச் சின்னத் துளை வழியாகச் சட்டென்று விரியவிட்டால் அது கொஞ்சம் குளிரும். ஒரு தடவையில் குளிர்வது கொஞ்சம்தான். லிண்டே அந்தக் குளிர்ந்த காற்றை வெளியே விடாமல், அடுத்து வரும் காற்றைச் சுற்றி ஓடவிட்டார். அது முன்னைவிடக் குளிர்ந்த நிலையில் துளைக்கு வரும், இன்னும் குளிரும். அது அடுத்ததைக் குளிர்விக்கும். சுற்றச் சுற்ற வெப்பநிலை இறங்கிக்கொண்டே போய், காற்றே திரவமாகிவிட்டது.

இங்கிலாந்தில் வில்லியம் ஹாம்ப்ஸன் என்பவரும் அதே 1895-ல் கிட்டத்தட்ட இதே முறைக்குக் காப்புரிமை கேட்டிருந்தார். அதனால் இரண்டு பேர் பெயரையும் சேர்த்தே இந்த முறையைச் சொல்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1897-ல், பவேரிய அரசு லிண்டேவுக்கு உயர்குடிப் பட்டம் கொடுத்தது. வெறும் கார்ல் லிண்டே, கார்ல் வான் லிண்டே ஆனது அப்போதுதான்.

அடுத்த வேலை, திரவக் காற்றைப் பிரிப்பது. காற்றில் சுமார் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியில். நடுவில் 13 டிகிரி வித்தியாசம். திரவக் காற்றை மெல்லச் சூடாக விட்டால் நைட்ரஜன் முதலில் ஆவியாகிப் போகும், ஆக்சிஜன் அடியில் தங்கும். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோலையும் மண்ணெண்ணெயையும் பிரிக்கிற அதே வடித்தல் தத்துவம். 1902-ல் இந்த முறையில் ஆக்சிஜனைப் பிரித்துக் காட்டினார். 1910-ல் இரண்டு அடுக்குக் கோபுரம் வந்தது. இதனால் சுத்தமான ஆக்சிஜனும் சுத்தமான நைட்ரஜனும் ஒரே நேரத்தில் கிடைத்தன. இன்றைய பெரிய ஆக்சிஜன் ஆலைகளின் அடிப்படையும் இதுதான்.

அதற்கு முன்னாலும் ஆக்சிஜன் தயாரித்தார்கள். பேரியம் ஆக்சைடைச் சூடாக்கி எடுக்கும் பிரின் முறை இங்கிலாந்தில் 1880-களிலேயே இருந்தது. ஆனால் செலவு அதிகம். லிண்டே முறைக்கு மூலப்பொருள் காற்று, அதற்கு யாரும் காசு கேட்பதில்லை!

கரித்தூள் வெடித்தது!

இனிதான் முக்கியமான கட்டம். திரவக் காற்று கையில் கிடைத்த அதே 1890-களில் லிண்டே இன்னொன்றையும் கண்டார். ஆக்சிஜன் நிறைந்த அந்தத் திரவத்தைக் கரித்தூளில் ஊற்றி, ஊறவிட்டுத் தீ வைத்தால், கரித்தூள் எரியவில்லை, வெடித்தது. அடுப்புக்கரி வெடிமருந்து ஆகிவிட்டது! இதற்கு ஆக்ஸிலிக்விட் என்று பெயர் வைத்தார். ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து சிம்ப்ளன் ரயில் சுரங்கம் அமைத்தபோது பாறை தகர்க்க இதைப் பரிசோதித்தும் பார்த்தார்கள்.

இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் ஆக்சிஜன் பாதுகாப்பில் பாதி தெரிந்த மாதிரி. ஆக்சிஜன் எரியாது. தீக்குச்சியைக் காட்டினால் எல்பிஜி மாதிரி அது பற்றிக்கொள்ளாது. ஆனால் மற்றப் பொருள்களை எரிய வைக்கும். காற்றில் 21 சதவீதம் இருக்கும்போது மெதுவாக எரிகிற துணி, முடி, பிளாஸ்டிக் எல்லாம், ஆக்சிஜன் அளவு சில சதவீதம் கூடினாலே வேகமாகப் பற்றும். காற்றில் தீப்பிடிக்காத சில பொருள்கள்கூட ஆக்சிஜன் செறிவில் எரியும்.

இதை மறந்ததற்கு நாசாவும் விலை கொடுத்தது. 1967 ஜனவரி 27-ல் அப்போலோ 1 விண்கலத்தில் தரைப் பயிற்சி நடந்தபோது, உள்ளே நிரப்பியிருந்தது சுத்த ஆக்சிஜன். எங்கோ ஒரு பொறி. கதவைத் திறப்பதற்குள் மூன்று விண்வெளி வீரர்கள் இறந்தார்கள்.

ஆகவே, சிலிண்டர் இருக்கும் அறையில் கசிவு வந்தால் உடனே தீப்பிடிக்காது. வாசனை வராது, நிறம் தெரியாது, யாருக்கும் மூச்சு முட்டாது. அறையில் இருக்கும் போர்வை, தலையணை, திரைச்சீலை எல்லாம் சத்தமில்லாமல் லிண்டேவின் கரித்தூள் மாதிரி தயாராகிக்கொண்டிருக்கும். பிறகு யாரோ ஊதுபத்தி ஏற்றுவார்கள்.

சிலிண்டருக்குள் வந்தது எப்படி?

ஆக்சிஜன் மலிவானதும் முதலில் வரிசையில் நின்றது மருத்துவமனை இல்லை, வெல்டிங் பட்டறை. அசெட்டிலின் வாயுவை ஆக்சிஜனோடு சேர்த்து எரிக்கும் டார்ச் பிரான்சில் 1903-ல் நடைமுறைக்கு வந்தது. இரும்பை வெண்ணெய் மாதிரி வெட்டியது. கப்பல் கட்டும் இடம், ரயில் பட்டறை எல்லாவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். எப்படிக் கொண்டுபோவது?

1880-களில் ஜெர்மனியின் மானஸ்மான் சகோதரர்கள் மூட்டே இல்லாத எஃகுக் குழாய் செய்யும் முறையைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஓரத்தில் பற்றவைத்த இணைப்பு இல்லாததால் அதிக அழுத்தத்தைத் தாங்கும். ஆக்சிஜனை அடைத்து அனுப்ப இந்த எஃகு கைகொடுத்தது.

இன்று நாம் பார்க்கும் சிலிண்டரில் முழுதாக நிரப்பும்போது அழுத்தம் சுமார் 150 பார், அதாவது 2,000 பிஎஸ்ஐக்கு மேல். நம்ம கார் டயரில் அடிப்பது 30, 35 பிஎஸ்ஐ. அறுபது எழுபது கார் டயரின் அழுத்தம் ஒரே எஃகுக் குடுவைக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டிருக்கும் சிலிண்டர் சாய்ந்து, மேலே இருக்கும் வால்வு சுவரில் மோதி உடைந்தால் என்ன ஆகும்? வாயு ஒரு பக்கம் பீறிட, எஃகுக் குடுவை மறுபக்கம் ராக்கெட் மாதிரி பாயும். சிலிண்டரைச் சங்கிலியால் சுவரோடு கட்டு, ட்ராலியில் நிற்க வை என்று சொல்வது இதனால்தான். உருட்டிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் போகக் கூடாது, வால்வைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்பதும் அதே காரணத்தால்தான்.

இவ்வளவு அழுத்தத்தை அப்படியே மூக்கில் விட முடியாதே! இங்கேயும் பீர்தான் வழி காட்டியது. 1889-ல் ஜெர்மனியின் லூபெக் நகரில் ட்ரேகர் நிறுவனம், பீர் குழாய்க்கு கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தைச் சீராகக் குறைத்துக் கொடுக்கும் வால்வைச் செய்தது. அதே யோசனையை ஆக்சிஜனுக்கும் கொண்டுபோய், 1902-ல் சிலிண்டர் பொருத்திய மயக்க மருந்துக் கருவியை ரோத் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரோடு சேர்ந்து உருவாக்கியது. சிலிண்டர் தலையில் மாட்டும் ரெகுலேட்டருக்கு முன்னோடி இதுதான்.

மருத்துவத்தில் ஆக்சிஜனை முறையாகக் கொடுக்கும் பழக்கம் வேரூன்றியது முதல் உலகப் போரில். விஷவாயுத் தாக்குதலில் நுரையீரல் பாதித்த வீரர்களுக்குச் சிலிண்டர், மாஸ்க், அளவுக் கருவி வைத்துத் தொடர்ச்சியாக ஆக்சிஜன் கொடுக்கும் முறையை பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் உருவாக்கினார். 1917-ல் அதை விளக்கிக் கட்டுரையும் எழுதினார். லிண்டேவின் தொழிற்சாலை வாயு, நோயாளியின் கட்டிலுக்கு வந்து சேர்ந்தது.

போரில் இழந்தது, நூறு வருஷத்தில் திரும்பியது

லிண்டே 1907-ல் அமெரிக்காவிலும் லிண்டே ஏர் புராடக்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். போர் வந்தது, ஜெர்மன் பிடி கைவிட்டுப் போனது. 1917-ல் அந்த நிறுவனம் யூனியன் கார்பைடு குழுமத்தில் கலந்தது. போபால் விஷவாயு விபத்தால் நாம் அறிந்த அதே யூனியன் கார்பைடுதான். அதன் வாயுப் பிரிவு 1992-ல் ப்ராக்ஸேர் என்ற தனி நிறுவனம் ஆனது. 2018-ல் ஜெர்மன் லிண்டேவும் ப்ராக்ஸேரும் ஒன்று சேர்ந்தன. நூறு வருஷத்துக்கு முன் பிரிந்த கிளை தாய்மரத்தோடு சேர்ந்தது.

இந்தியாவுக்கும் ஒரு கிளை உண்டு. 1935-ல் தொடங்கிய இந்தியன் ஆக்சிஜன் அண்ட் அசெட்டிலின் நிறுவனம் பிரிட்டிஷ் ஆக்சிஜன் நிறுவனத்தோடு தொடர்புடையது. அந்த பிரிட்டிஷ் நிறுவனத்தை 2006-ல் லிண்டே வாங்கியது. இந்தியக் கிளையின் பெயர் 2013-ல் லிண்டே இந்தியா ஆனது. 2021-ல் சாலையில் ஓடிய ஆக்சிஜன் டேங்கர்கள் சிலவற்றில் நீங்கள் பார்த்த பெயர் இவருடையதுதான்.

1916-ல் தன் வாழ்க்கையையும் வேலையையும் பற்றிப் புத்தகம் எழுதிய லிண்டே, அதற்குப் பிறகும் 18 வருஷம் வாழ்ந்தார். நிறுவனத்தை மகன்கள் ஃப்ரீட்ரிச்சும் ரிச்சர்டும், மருமகன் ருடால்ஃப் வூச்சரரும் பார்த்துக்கொண்டார்கள். 1934 நவம்பர் 16-ம் தேதி, மியூனிக்கில், 92 வயதில் காலமானார்.

டேங்கரில் இருப்பது எது?

அந்த டேங்கர்களிலும், பெரிய மருத்துவமனை வளாகத்தில் நிற்கும் வெள்ளைக் கோபுரத் தொட்டிகளிலும் இருப்பது வாயு இல்லை. லிண்டே 1895-ல் கண்டதன் வாரிசான திரவ ஆக்சிஜன். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் சுமார் 860 லிட்டர் வாயு ஆகும். அதனால்தான் ஒரு டேங்கர் பல நூறு சிலிண்டருக்குச் சமம்.

ஆபத்தும் அதே அளவுக்குச் செறிவானது. மைனஸ் 183 டிகிரி என்பதால் தோலில் பட்டால் தீக்காயம் மாதிரி புண்ணாகும். மூடிய பாத்திரத்தில் அடைத்தால் ஆவியாகி வெடிக்கும். தார் ரோட்டில் கொட்டினால் தாரே ஆக்ஸிலிக்விட் மாதிரி ஆகிவிடும், அதன் மேல் மிதித்தாலோ வண்டி ஏறினாலோகூட வெடிக்கலாம். டேங்கர் இறக்கும் இடத்தில் கான்கிரீட் தளம் போடச் சொல்வது இதனால்தான்.

2021 ஏப்ரல் 21-ல் நாசிக் மருத்துவமனையில் திரவ ஆக்சிஜன் தொட்டியில் கசிவு ஏற்பட்டது. தீப்பிடிக்கவில்லை. ஆனால் வார்டுக்குப் போகும் அழுத்தம் குறைந்து 20-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். கசிவு என்றால் தீ மட்டும் இல்லை, வார்டில் மூச்சும் நின்றுபோகும்.

சரி, நம்ம வீட்டில் சிலிண்டர் இருந்தால்?

நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இப்போது வீட்டிலேயே ஆக்சிஜன் வைப்பது சாதாரணமாகிவிட்டது. கவனிக்க வேண்டியவை இதோ:

நெருப்பு கூடவே கூடாது: பீடி, சிகரெட் மட்டும் இல்லை. சாமி விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், கேஸ் அடுப்பு எதுவும் அந்த அறையில் வேண்டாம். நோயாளி ஆக்சிஜனை நிறுத்தியதும் உடனே வெளியே போய்ப் பற்றவைப்பதும் தப்பு. சட்டையிலும் போர்வையிலும் ஆக்சிஜன் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்.

எண்ணெய் தொட்ட கை வேண்டாம்: வால்வு இறுகியிருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயோ கிரீஸோ தடவுவதுதான் நம்ம ஊர் வழக்கம். ஆக்சிஜன் சிலிண்டரில் அது கொலைக்குச் சமம். அதிக அழுத்த ஆக்சிஜன் பட்டால் எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும். நோயாளியின் உதடு, மூக்கு வறண்டால் வாஸ்லின் போன்ற பெட்ரோலியம் ஜெல்லி போடாதீர்கள். தண்ணீர் அடிப்படையிலான களிம்பை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். சானிடைசர் போட்டால் கை நன்றாகக் காய்ந்த பிறகு வால்வைத் தொடுங்கள்.

மெதுவாகத் திறங்கள்: சைக்கிள் பம்ப் சூடானது நினைவிருக்கிறதா? வால்வை ஒரேயடியாகத் திறந்தால் ரெகுலேட்டருக்குள் வாயு திடீரென்று அழுந்திச் சூடாகும். உள்ளே தூசியோ எண்ணெயோ இருந்தால் அந்தச் சூடே பற்றவைத்துவிடும். திறக்கும்போது முகத்தை ரெகுலேட்டருக்கு நேராக வைக்காதீர்கள்.

நிற்க வையுங்கள், கட்டி வையுங்கள்: காற்றோட்டமான இடம், நேரடி வெயிலும் அடுப்புச் சூடும் படாத மூலை. குழந்தைகள் இழுக்காதபடி சங்கிலி அல்லது ஸ்டாண்டு. சமையல் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் கூடவே கூடாது. நிரம்பியதையும் காலியானதையும் தனித்தனியாக வையுங்கள். காலி சிலிண்டரிலும் வால்வை மூடியே வைக்க வேண்டும்.

கசிகிறதா என்று பார்க்க: தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே பார்க்காதீர்கள். புஸ் என்று சத்தம் கேட்டால் வால்வை மூடி, ஜன்னல் கதவைத் திறந்துவிட்டு, சப்ளை செய்தவரைக் கூப்பிடுங்கள். டேப் சுற்றி ஒப்பேற்றும் வேலை வேண்டாம்.

எங்கே நிரப்புகிறீர்கள்: வெல்டிங் பட்டறை சிலிண்டரும் மருத்துவ சிலிண்டரும் ஒன்றில்லை. மருத்துவ ஆக்சிஜன் சட்டப்படி ஒரு மருந்து. சிலிண்டருக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் அழுத்தச் சோதனை நடக்க வேண்டும். அந்தத் தேதி சிலிண்டரின் தோளில் பொறித்திருக்கும். வாங்கும்போதே பாருங்கள். இந்தியாவில் இவற்றையெல்லாம் கண்காணிப்பது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. ஆக்சிஜன் சிலிண்டர் வெடிபொருள் துறையின் கீழ் வருவதே எவ்வளவோ சொல்கிறது.

எவ்வளவு நேரம் வரும்?

நிறைய பேர் தவிப்பது இங்கேதான். கணக்கு சுலபம். சின்ன பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் வாயு, பெரிய டி டைப்பில் சுமார் 7,000 லிட்டர். இதை நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறதோ, அதால் வகுக்க வேண்டும்.

பி டைப்பில் நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். 5 லிட்டர் என்றால் 5 மணி நேரம்தான். டி டைப்பில் 10 லிட்டர் ஓடினால் 11 மணி 40 நிமிடம். அழுத்தமானி பாதிக்கு வந்துவிட்டால் வாயுவும் பாதிதான் மிச்சம். கால் பங்குக்கு வருவதற்குள் அடுத்ததுக்குச் சொல்லிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மூச்சு வாங்குகிறதே என்று நாமாக ஓட்டத்தைக் கூட்டக் கூடாது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள சிலருக்கு ஆக்சிஜன் அளவுக்கு மீறினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கி மயக்கம் வரும். எத்தனை லிட்டர் என்பதை மருத்துவர் எழுதித் தந்த சீட்டைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

லிண்டே சேர்த்து வைத்தது என்ன?

லிண்டே ஆக்சிஜனைக் கண்டுபிடித்தவர் இல்லை. அது அவர் பிறப்பதற்கு எழுபது வருஷத்துக்கு முன்பே நடந்துவிட்டது. எல்லோர் கைக்கும் எட்டும்படி அதைச் செய்தவர்தான் அவர். அதுவரை அதிகச் செலவில் கிடைத்த வாயு, அவருக்குப் பிறகு பட்டறைக்கும் வார்டுக்கும் படுக்கையறைக்கும் வந்தது. கரித்தூளை ஆக்சிஜனில் ஊறவைத்து வெடிக்கவிட்ட ஆய்வுக்கூடத்தில், அது எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்கள் மட்டும் இருந்தார்கள். இன்று அதைக் கையாளுவது வார்டு உதவியாளர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், அப்பாவுக்கு மாஸ்க் மாட்டிவிடும் மகள். அவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் சிலிண்டர் இருந்தால், இன்றைக்கே சாமி விளக்கை அடுத்த அறைக்கு மாற்றிவிடுங்கள்.